மூடியில் ஒட்டிய புழுக்கள்

“மூடியில ஒட்டியிருக்கிற புழுவை மட்டும் எடுக்கிறீங்களா, இல்ல அடியில கிடக்கிறதையும் சேர்த்து எடுக்கிறீங்களா?”

மூன்று வருடத்துக்கு முன்னால் டாக்டர் பிலோமினா என்னிடம் கேட்ட கேள்வி இது. எங்கள் நிலையத்தைச் சோதிக்க வந்த விஞ்ஞானி அவர். நாற்பது பெண்கள் வேலை செய்யும் கூடத்தில் என்னை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று தெரியவில்லை. நான் கடைசி மேசையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பேசத் தெரியாதவளுக்குப் பொய் சொல்லவும் தெரியாது என்று நினைத்திருப்பார்.

அவருக்குப் பின்னால் எங்கள் மேற்பார்வையாளர் சாலம்மாக்கா நின்றிருந்தாள். வலது கையை மட்டும் குழம்பு கலக்குவதுபோல ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

“எல்லாத்தையும் கலந்துதான் மேடம்” என்றேன்.

அந்த வருடம் வெளியாள் ஒருவரிடம் நான் சொன்ன ஒரே முழு வாக்கியம் அதுதான். டாக்டர் என் மேசையை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு தாளில் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்.

நான் பிறந்த வருடம்தான் பூச்சிமருந்துக் கடைகளை மூடினார்களாம். தாய்ப்பாலில் மருந்து இருக்கிறது என்று தெரிந்த பிறகு யாராலும் அந்தக் கடைகளுக்காகப் பேச முடியவில்லை. அதற்குப் பதிலாக வந்தது நாங்கள் செய்கிற சரக்கு. புழுக்களுக்கு இயற்கையாகவே ஒரு வைரஸ் நோய் உண்டு. எங்கோ ஒரு வயலில் நாலு புழுவுக்கு வந்து அதோடு அடங்கிப்போகிற நோய். அதைப் பிடித்து வளர்த்து, தண்ணீரில் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு ட்ரோனில் தெளித்தால் தக்காளியையும் துவரையையும் துளைக்கிற காய்ப்புழு ஒரு வாரத்தில் செடி நுனிக்கு ஏறித் தலைகீழாகத் தொங்கிச் செத்துவிடும். மனிதனுக்கு ஒன்றும் ஆகாது. மாட்டுக்கு ஆகாது. தேனீக்கு ஆகாது. ஒரு நோய் ஒரு புழுவுக்குத்தான்.

இதை ஊர்க்காரர்கள் நம்பவேண்டும் என்பதற்காக முதல் கூட்டத்தில் ஒரு அதிகாரி ஒரு கரண்டி சரக்கை எடுத்து எல்லார் முன்னாலும் குடித்துக் காட்டினாராம். சாலம்மாக்கா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். “நான் அப்பவே கேட்டேன், ஏம்மா, இந்த மனுசன் எந்த மரத்துல ஏறித் தொங்கப்போறாருன்னு யாராச்சும் கூடப் போய்ப் பாத்தீங்களா?”

எங்கள் ஊர் பென்னாகரம் சாலையில் இருக்கிறது. நிலையத்துக்கு ஊரில் புழு ஆஸ்பத்திரி என்று பெயர். “எல்லா ஆஸ்பத்திரியிலயும் நோயைத் தீப்பாங்க. இவளுங்க நோயைக் காய்ச்சி ஊத்துவாளுங்க” என்று டீக்கடையில் கிண்டல் செய்வார்கள். பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு அங்கே சேர்ந்தேன். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. ஆஸ்பத்திரியில் யாரும் வாசிக்கச் சொல்லவில்லை.

வேலை கடினமானதல்ல. சுண்டுவிரல் உயரக் குப்பிகள். ஒவ்வொன்றின் அடியிலும் கடலைமாவில் செய்த தீனி, அதன்மேல் ஒரு சொட்டு வைரஸ், ஒரே ஒரு புழு. இரண்டு போட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். ஆறேழு நாளில் புழு கறுத்துக் கூழாகிவிடும். அந்தக் கூழைச் சேர்த்துத் தண்ணீரில் ஊறப்போட்டுத் துணியில் வடித்தால் சரக்கு. அதில் ஒரு பங்கை அடுத்த தடவைக்கு விதையாக எடுத்துவைப்போம். நாற்றம் தலைமுடி வரைக்கும் ஏறும். ஒரு மாதத்தில் பழகிவிடும்.

விதைப் புழுக்களை மேல், நடு, அடி மூன்று இடங்களிலிருந்தும் சமமாக எடுக்கவேண்டும் என்று சுவரில் பலகை தொங்கியது. யாரும் அப்படி எடுத்ததில்லை. அடியில் செத்த புழு தீனியோடு குழைந்து கிடக்கும். இடுக்கியால் கிளறினால் மாவும் சேர்ந்து வந்து வடிகட்டும் துணியை அடைத்துவிடும். மேலே ஏறி, பின்னங்கால்களால் மூடியைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கிச் செத்த புழுவோ மூடியோடு கையில் வந்துவிடும். மூடியை ஜாடி விளிம்பில் ஒரு தட்டு. அவ்வளவுதான். முதல் நாள் சாலம்மாக்கா எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தத் தட்டுதான். அவளுக்கு அவளுடைய முன்னவள் கற்றுக்கொடுத்தது. நிலையம் தொடங்கிய பதினாறு வருடமாக மூடிப் புழுதான் எங்கள் விதை.

போன ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி பள்ளிக்கூடத்தில் கொடியேற்றினார்கள். ஊராட்சித் தலைவர் கயிற்றை இழுத்ததும் மேலேயிருந்து சாமந்தி இதழ்களோடு கறுப்பாக ஏதோ சொத்சொத்தென்று அவருடைய வெள்ளைச் சட்டையில் விழுந்தது. எல்லாம் காய்ப்புழு. தக்காளித் தோட்டத்தை விட்டு வெளியேறி, தார்ச்சாலையைக் கடந்து, கம்பத்தின் உச்சி வரைக்கும் ஏறிச் செத்திருந்தன. பிள்ளைகள் கைதட்டின. “புழுவுக்குக்கூட தேசபக்தி வந்துடுச்சு” என்று ஒரு வாரம் ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு மின்கம்பத்தில் பார்த்தோம். தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் பார்த்தோம். முன்பெல்லாம் அந்தந்தச் செடியின் நுனியோடு நின்றுவிடும். இப்போது பக்கத்தில் எது உயரமோ அதைத் தேடிப் போயின.

எங்கள் தக்காளித் தோட்டத்துக்குப் பக்கத்தில் உயரமாக இருந்தது அக்காவின் மல்பெரி.

அக்கா அம்சவேணி அந்த ஜூன் மாதம்தான் புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்தாள். மாமா கை நீட்டுகிறவர். இந்தத் தடவை அவள் முன்பல் ஒன்று உடைந்திருந்தது. அம்மா பல்லைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள்.

“ரெண்டு போகம் பட்டுப்புழு வளத்துப் பாரு. சொந்தக் கால்ல நின்னுட்டேன்னா நில்லு. இல்லன்னா அவுரு வந்து கூப்டுறப்ப மறுபேச்சு பேசாம கெளம்பிடணும்.”

“நிக்கறேன் பாரு” என்றாள் அக்கா.

தகரக் கூரை போட்டுப் புழு வளர்ப்பு மனை கட்டினாள். புழு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள் பட்டுப்புழு மனைக்குள் கால் வைக்கக்கூடாது என்று விதி இருந்தது. அதனால் என்னால் உதவ முடியவில்லை. அம்மாவுக்குக் கண் சரியில்லை. நறுக்குவது, தழை போடுவது, எச்சம் வாருவது எல்லாம் அக்கா ஒருத்திதான். கடைசி வாரத்தில் புழுக்கள் தழை தின்கிற சத்தம் தகரத்தில் தூறல் விழுவதுபோல இருக்கும். வெளியே நின்று கேட்பேன்.

“குமுதா! ஏய் குமுதா! ஓடியாடி, ஏற ஆரம்பிச்சிடுச்சு!”

பட்டுப்புழு பழுத்ததும் தின்பதை நிறுத்திவிட்டு உயரம் தேடி ஏறிக் கூடு கட்டும். அதற்காகச் சந்திரிகை வைப்பார்கள். மூங்கில் தட்டியின்மேல் வளையம் வளையமாகப் பட்டை பின்னிய பெரிய தட்டு அது. வழக்கமாகக் கடைசித் தோலை உரித்த ஏழாம் நாளோ எட்டாம் நாளோதான் பழுக்கும். அக்காவுடையது ஆறாம் நாளே ஏறியது. அம்மா தேங்காய் உடைத்தாள். “எம் பொண்ணு கைராசி” என்று பக்கத்துத் தோட்டம் வரைக்கும் கேட்கும்படி சொன்னாள்.

நான் வாசலில் நின்று பார்த்தேன். புழுக்கள் பளபளவென்று கொழுத்திருந்தன. வளையத்துக்குள் நுழையவேண்டிய புழுக்கள் வளையத்தைத் தாண்டின. சந்திரிகையின் மேல் விளிம்புக்குப் போயின. அங்கிருந்து தூணுக்கு, தூணிலிருந்து கூரைக் கம்பிக்கு.

“ஏண்டி மூஞ்சை இப்படி வச்சிருக்க? சிரியேன்” என்றாள் அக்கா. அவளே உடைந்த பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சிரித்தேன்.

மறுநாள் காலையில் எல்லா விளிம்பிலும் வரிசையாகத் தொங்கின. பின்னங்கால் பிடித்திருக்க, தலை கீழே. அக்கா ஒன்றைத் தொட்டாள். தோல் கிழிந்து விரலெல்லாம் கூழ். ஒரு இழை பட்டுகூட இல்லை. அந்தத் தொங்கலை நான் தினமும் ஐந்நூறு குப்பியில் பார்க்கிறவள். அந்த நாற்றம் என் தலைமுடியிலேயே இருந்தது.

அம்மா நேராக அக்காவிடம் வந்தாள். “தூரமான நாள்ல உள்ள போனியா?”

எங்கள் பக்கம் அப்படி ஒரு வழக்கம். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் மனைக்குள் போகக்கூடாது. போனால் புழு கெட்டுவிடும் என்பார்கள்.

அக்கா கூழ் பட்ட விரலைப் புடவையில் துடைத்தாள். “ரெண்டு நாள் போனேன்” என்றாள். “வேற யாரு இருக்கா தழை போட?”

“பாவி. உன் கையாலயே கெடுத்துக்கிட்டியே.”

அக்கா மறுக்கவில்லை. அம்மா சொன்னதை நம்பிவிட்டாள் என்று அவள் தலையைக் குனிந்துகொண்ட விதத்திலேயே தெரிந்தது. நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். சொல்ல வேண்டிய வாக்கியம் வாய் வரைக்கும் வந்தது. வகுப்பில் எழுந்து நின்றதுபோல அங்கேயே நின்றது.

சாலம்மாக்காவிடம் போய்ச் சொன்னேன். “அக்கா, எங்க பட்டுப்புழு நம்ம புழு மாதிரியே தொங்குதுக்கா.”

அவள் கையிலிருந்த குப்பியை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “செத்த புழு தொங்காம எழுந்து நின்னு வணக்கம் வைக்குமா? காய்ப்புழு நோயி காய்ப்புழுவுக்குத்தான். பலகைல போட்டிருக்கு.”

“பலகைல இன்னொண்ணும் போட்டிருக்குக்கா.”

சாலம்மாக்கா குரலைத் தாழ்த்தினாள். “இங்க பாரு கண்ணு. நாப்பது பேரு இருக்கோம். புருசன் இல்லாதவ பதினோரு பேரு. இதை விட்டா எனக்குப் பெங்களூரு கட்டடத்துல கல்லு தூக்கற வேலதான். உனக்கு? நீ வாயத் தொறந்து எவங்கிட்டப் போய் வேல கேப்ப?”

அது நிஜம். அதனால்தான் அடங்கிப்போனேன் என்று சொல்லலாம். ஆனால் எனக்கு ஒரு நிம்மதியும் இருந்தது. பேசாமலிருக்கும்படி ஒருவர் சொல்லிவிட்டால் பேசாமலிருப்பது சுலபமாகிவிடுகிறது.

என்னால் முடிந்ததைச் செய்தேன். அன்றிலிருந்து என் மேசையில் அடியில் கிடந்த புழுக்களையே எடுத்தேன். துணி அடைத்தது. என் ஜாடி மற்றவர்களுடையதில் பாதிகூட நிறையவில்லை. “என்னாடி, தவம் பண்றியா?” என்று பக்கத்து மேசைக்காரி கேட்டாள். நாற்பது ஜாடியில் ஒரு ஜாடி.

இரண்டாம் போகத்தில் அந்த மூன்று நாளும் அக்கா மனைக்குள் போகவில்லை. அம்மாவை உள்ளே அனுப்பிவிட்டு மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து, புழு தின்கிற சத்தத்தைக் கேட்டபடி இருந்தாள். சத்தம் குறைந்தால், “வடக்குப் பக்கம் தழை தீந்துபோச்சும்மா” என்று அங்கிருந்தே கத்துவாள். செவ்வாய்க்கிழமைகளில் சோறு சாப்பிடவில்லை. மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். மெலிந்துபோய் வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது.

ஐந்தாம் நாள் புழுக்கள் ஏறின. இந்தத் தடவை யாரும் தேங்காய் உடைக்கவில்லை.

மாமா வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியனுப்பினார். அம்மா பையை எடுத்துவைத்தாள். வியாழக்கிழமை காலையில் பட்டு ஆபீசர் ஒருவரும் டாக்டர் பிலோமினாவும் வந்து சேர்ந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் பத்து மனைகளில் இதே கதையாம்.

“நீயும் உள்ள வாடி” என்றாள் அக்கா. “இனிமே யாரு வந்தா என்ன?”

அந்த மனைக்குள் நான் கால் வைத்தது அன்றுதான். டாக்டர் குந்தி உட்கார்ந்து பூதக்கண்ணாடியால் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடி நன்றாக நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பட்டு ஆபீசர் ஒரு படிவத்தோடு அக்கா எதிரில் நின்றார்.

“மனையைக் கழுவி பிளீச்சிங் பவுடர் அடிச்சியாம்மா?”

“அடிச்சேன் சார்.”

“சுண்ணாம்பு?”

“போட்டேன் சார்.”

அவர் கொஞ்சம் தயங்கி, “கேக்கறேன்னு தப்பா நெனைக்காத. தூரமா இருக்கறப்ப உள்ள வந்தியா?” என்றார். “படிவத்துல அதெல்லாம் இல்ல. ஊர்ல கேக்கச் சொல்றாங்க.”

“மொத போகத்துல வந்தேன் சார். எம் மேலதான் தப்பு. எழுதிக்கங்க.”

அவர் எழுதினார். ‘மனைச் சுத்தமின்மை’ என்று அவர் பேனா நகர்வதைத் தலைகீழாக வாசித்தேன்.

“மூடியிலதான் எடுத்தோம்” என்றேன்.

என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது. ஆபீசர் திரும்பினார். “என்னாம்மா?”

“விதை. மூடியில ஒட்டுனதை மட்டும்தான் எடுத்தோம் மேடம். எப்பவும். அடியில கிடக்கிறதை எடுத்ததே இல்ல. அன்னிக்கு நான் பொய் சொன்னேன்.”

டாக்டர் பிலோமினா எழுந்திருக்கவில்லை. பூதக்கண்ணாடியை மடித்துப் பையில் வைத்தார்.

“என்ன மேடம் சொல்லுது இந்தப் பொண்ணு?” என்றார் ஆபீசர்.

“நோய் வந்ததும் சில புழு மூணு நாலு நாள்ல அடியிலயே செத்துடும். சிலது நாளைக் கடத்தும். தின்னு கொழுத்து, மேல ஏறி, அப்புறம்தான் சாகும். ரெண்டும் ஒரே வைரஸ் இல்ல சார், அண்ணன் தம்பி மாதிரி. இவங்க சீக்கிரம் கொல்றதைக் கழுவி ஊத்திட்டாங்க. ஏறத் தெரிஞ்சதை மட்டும் பதினாறு வருஷம் விதைக்கு வச்சாங்க. அது ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் உயரமா ஏறக் கத்துக்கிச்சு. தக்காளிச் செடி போதல. மல்பெரிக்குப் போச்சு. அங்க உச்சியில செத்து, தோல் கிழிஞ்சு, தழை மேலயெல்லாம் ஒழுகுச்சு. அந்தத் தழையைப் பட்டுப்புழு எத்தனை போகமாத் தின்னுதோ. லட்சம் தடவை முட்டினா ஒரு தடவை கதவு திறக்கும்.”

“அப்ப இந்தம்மா மனையில சுத்தக் கொறவு இல்லீங்களா?”

“இல்ல. இவங்க மனை என் ஆய்வுக்கூடத்தைவிடச் சுத்தமா இருக்கு.”

ஆபீசர் எழுதியதை அடித்தார். அடித்துவிட்டு எதை எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்தபடியே நின்றார்.

டாக்டர் முதல் தடவையாக என்னைப் பார்த்தார். “உன் மேசையில இருந்த இடுக்கி புத்தம் புதுசா இருந்துச்சு. பொட்டலம்கூடப் பிரிக்கல. பாத்தேன்.”

“தெரியுமா மேடம்?”

“தெரியும். அந்த வருஷம் பதினாலு மாவட்டத்துல காய்ப்புழு. வேற மருந்து கிடையாது. உங்க விதையை நிறுத்தினா எல்லாருக்கும் சாப்பாட்டுல கை வைக்கணும். யாராவது ஒருத்தர் வாயால சொன்னாதான் எழுத முடியும்னு எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கிட்டு உங்கிட்ட வந்தேன். நீ ‘கலந்துதான்’னு சொன்னே. எனக்கு அவ்வளவு நிம்மதி. அந்த ஒரு வரியை வச்சுத்தான் விதை பதினாலு மாவட்டத்துக்கும் போச்சு.”

“இப்ப நிறுத்தலாமில்ல மேடம்?”

“எதை? நிலையத்தை மூடிடலாம். அடுத்த வாரமே மூடுவாங்க. வெளியில போனதை?” அவர் வாசல் பக்கம் கை காட்டினார். “வர்ற வழியில எருக்கஞ்செடியா பாத்துக்கிட்டே வந்தேன். ஒரு புழு இல்ல. ஒரு பட்டாம்பூச்சி இல்ல.”

கூரைக் கம்பியிலிருந்து ஒரு புழு கழன்று விழுந்தது.

அக்கா சந்திரிகையைக் கழுவுவதற்காகத் தூக்கிப் பிடித்திருந்தாள். அதை மெதுவாகக் கீழே சாய்த்துவைத்தாள். என் எதிரில் வந்து நின்றாள்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“மூடியில எடுக்கறது தப்புன்னு...”

“அது இல்ல. என் புழு ஏன் செத்துச்சுன்னு உனக்கு எப்பத் தெரியும்?”

“மொத போகத்துலயே.”

“எந்நேரம்?”

“அதுங்க ஏறுறப்ப. நீ சிரின்னு சொன்னப்ப.”

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அம்மா இடையில் வந்தாள். “சரி விடு அம்சா. அது வாயில்லாப் பூச்சி. அதான் உம் மேல தப்பில்லன்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்களே. நாளைக்கு மாப்ள வந்தா எடுத்துச் சொல்லலாம். சுத்தபத்தமாத்தான் இருந்தான்னு சொன்னா அவுருக்கும் கோவம் இருக்காது.”

அக்கா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். முதல் போகம் கெட்ட நாளிலிருந்து அவள் அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்து நான் பார்த்ததில்லை. குனிந்தே நடந்தாள், குனிந்தே சாப்பிட்டாள். அன்று நிமிர்ந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள்.

தொட்டித் தண்ணீரில் அக்கா கையைக் கழுவினாள். விரல் விரலாகக் கழுவினாள். வீட்டுக்குள் போய், மாமா வருகைக்காக அம்மா எடுத்துவைத்திருந்த பையோடு வந்தாள். வாசலில் அதைத் திறந்து, மேலாக மடித்து வைத்திருந்த பட்டுப்புடவையை எடுத்துக் கொடிக்கயிற்றில் போட்டாள். மிச்சத்தோடு பையை மூடினாள்.

“எங்கடி போற? அவுரு நாளைக்குத்தான் வர்றாரு” என்றாள் அம்மா. “அம்சா! ஒன்னத்தான்!”

வரப்பில் நடந்து போனாள். நான் சாலை வரைக்கும் பின்னால் ஓடினேன். “அக்கா” என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். அன்று என் குரல் நன்றாகவே வந்தது.

மாமாவின் ஊருக்குப் போகிற பேருந்து எங்கள் பக்கத்து வேப்பமரத்தடியில் நிற்கும். அக்கா அங்கே நிற்கவில்லை. சாலையைக் கடந்து எதிர்ப் பக்கம் போய் நின்றாள். அந்தப் பக்கம் ஓசூர் வண்டி மட்டும்தான் வரும். ஓசூரில் எங்களுக்கு யாரையும் தெரியாது.

வண்டி வந்து எங்களுக்கு நடுவில் நின்றது. புறப்பட்டபோது சாலையின் அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. பின்பக்கக் கண்ணாடி வழியாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அவள் முதுகு கொஞ்ச தூரம் வரைக்கும் தெரிந்தது.